றுஸ்னா டீச்சரும் கலியாண வீட்டுப் பென் டிரைவும்

பொத்துவில் முதல் மருதமுனை வரை இந்தக் கரையில் பாயோடு கிடக்கிற எந்தக் கொம்பியூட்டரும், றுஸ்னா டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். வைரஸ்கள் அவளைக் கண்டால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேலியோரமாக ஒதுங்கிப் போகும். நாவிதன்வெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் செத்துக் கிடந்த கணினி, டெலிபோனில் அவள் பெயரைச் சொன்னதற்கே சுகமாகிவிட்டது.

சரி, கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பாதியைத் தள்ளிவிடுங்கள், மிச்சத்தையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். உதறிய பிறகு கையில் தங்குவது இவ்வளவுதான்: றுஸ்னா மருதமுனையில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் கணினி படிப்பிக்கிறாள்; மாடியில் இருக்கிற கணினி அறை அவளுடைய பொறுப்பு; அவளைப் போலப் பயந்த பெண் இந்த ஊரில் இன்னொருத்தி இல்லை. கடைசியாகச் சொன்னதில் மட்டும் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

இடிக்குப் பயம். பூனைக்குப் பயம். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால், யாருக்கு என்ன ஆனதோ என்று பயம். கடல் ஊருக்குள் வந்த வருஷம் அவள் மூன்றாம் வகுப்பு. வாப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்கு ஏறினார். அங்கிருந்து பார்த்தபோது அவர்களுடைய கைத்தறி, கட்டையோடும் பாதி நெய்த சாரத் துணியோடும், ஒரு தோணியைப் போல மிதந்து போனது. அன்றிலிருந்து எந்தப் பொருளையும் ஒரே இடத்தில் வைத்தால் றுஸ்னாவுக்கு நெஞ்சு பதறும். வீட்டுச் சாவி இரண்டு. அடையாள அட்டையின் கொப்பி அலுமாரியில் ஒன்று, உம்மா வீட்டில் ஒன்று. கணினி படிக்கப் போன இடத்தில் விரிவுரையாளர், “எதையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்” என்று சொன்னபோது வகுப்பே கொட்டாவி விட்டது. இவளுக்கு மட்டும் கண் கலங்கியது. தன்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி இந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறான் என்று ஆறுதல்.

அந்தப் பயத்தால்தான் அவளுடைய கணினி அறை சுத்தமாக இருந்தது. வாசலில் ஒரு பழைய கணினி. மற்றக் கணினிகளோடு அதற்கு எந்த வயர்த் தொடுப்பும் இல்லை. வெளியிலிருந்து வருகிற பென் டிரைவ் எதுவானாலும் முதலில் வாசலில் இருக்கிற ஐஸ்கிரீம் பெட்டிக்குள் விழ வேண்டும். றுஸ்னா ஒவ்வொன்றாக எடுத்து, பழைய கணினியில் செருகி, ஸ்கேன் செய்து, கேடு இல்லை என்று கண்டால்தான் உள்ளே விடுவாள். பிள்ளைகள் அதற்கு ‘மாப்பிள்ளை பாக்கிற கொம்பியூட்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“டீச்சர், என்ட மாப்பிள்ளைக்கு என்ன குறை? இவ்வளவு நேரம் பாக்கிறீங்க?” என்று கேட்பாள் ஸஹ்றா. உயர்தர வகுப்பில் வாய் நீளமானவள் அவள்தான்.

“ஒன்ட மாப்பிள்ளைட வயித்துக்குள்ள புழு இரிக்கி. குளிப்பாட்டித் தாறன், அங்கால போய் இரி.”

பள்ளிக்கூட அதிபர் ஹமீட் சேருக்கும் விலக்குக் கிடையாது. விளையாட்டுப் போட்டி அழைப்பிதழோடு ஒருநாள் மாடியேறி வந்தார்.

“டீச்சர், நான் அதிபர்.”

“ஓம் சேர். பென் டிரைவுக்கு அது தெரியாதே.”

அவரும் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வியாழக்கிழமை மாமி வந்தார்.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிற ஊர் இது. றுஸ்னாவின் புருஷன் றாஸிக் இவள் வீட்டில். அவனுடைய உம்மா சபியா உம்மா அடுத்த தெருவில். ஆகவே மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தால், சும்மா வரமாட்டார். அதற்கு முந்திய ஞாயிறுதான் றாஸிக்கின் தங்கை ஸப்னாவுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. மாமி கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பென் டிரைவ்.

“மகள், ஸப்னாட கலியாணப் போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் இரிக்கி. ஸ்டூடியோக்காரன் தந்த. இனி நம்மட ஆக்களுக்கு ஆளுக்கொண்டு கொப்பி அடிச்சுத் தா. நீதானே கொம்பியூட்டர் டீச்சர்.”

“இது எந்தெந்த வீட்டுக்குப் போயிட்டு வந்திரிக்கி மாமி?”

“எந்த வீட்டுக்குப் போகல்ல எண்டு கேளு!” மாமிக்கு முகம் மலர்ந்தது. “மாப்பிள்ளை வீட்டாக்கள் பாத்தாச்சு. சாச்சி வீட்டாக்கள் பாத்தாச்சு. எங்கட மூத்தாட மகன் அவன்ட கடையிலயும் போட்டுப் பாத்த.”

ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து எல்லாக் கையும் ஒன்றாகச் சோறு எடுக்கிற ஊரில், கலியாண வீட்டுப் பென் டிரைவும் அப்படித்தான் கைமாறும். றுஸ்னா அதைத் தொடாமல் பார்த்தாள். ஆனால் மாமியிடம் என்ன சொல்வது? உங்கள் மகளின் கலியாணத்தை முதலில் சோதிக்க வேண்டும் என்றா? வீட்டு லெப்டொப்பின் சார்ஜரும் அந்தக் கிழமைதான் எரிந்து போயிருந்தது.

“நாளைக்கித் தாறன் மாமி” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகப் பள்ளிக்கூடம் நேரத்தோடு விடும். பிள்ளைகள் போனபின் கையில் பென் டிரைவோடு பழைய கணினியின் முன்னால் நின்றாள். அங்கேதான் அவளுக்குக் கால் தடுக்கியது. அந்தக் கணினியின் முகம் மாடிப்படியைப் பார்த்தது. செருகிய உடனே உள்ளே இருக்கிற படங்களையெல்லாம் திரையில் பரப்பிக் காட்டுகிற பழக்கமும் அதற்கு உண்டு. உள்ளே இருந்தவையோ வீட்டுப் பெண்களின் படங்கள். முக்காடு இல்லாத ஸப்னா, தலை கொள்ளாத பூவோடு. மருதாணிக் கையை விரித்துக்கொண்டு சிரிக்கிற மதினிமார். காவலாளி சீனிமுகம்மது எந்த நேரமும் அறையைப் பூட்டச் சொல்லி மேலே வருவார். அந்நிய ஆணின் கண்ணில் இவை பட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

ஆசிரியருடைய கணினி மூலையில், சுவரைப் பார்த்தபடி இருந்தது. மறைவான இடம். அதிலிருந்த அன்டிவைரஸின் காலம் முடிந்து சிவப்பு அடையாளம் ஒன்று மின்னிக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரியும். இந்த ஒருமுறைதானே என்று பிஸ்மி சொல்லிச் செருகினாள். கொப்பி எடுத்தாள். பள்ளிக்கூடக் கணினியில் விழுந்த படங்களை அழித்தாள். “டீச்சர், ஜும்ஆவுக்கு நேரமாகுது!” என்று கீழே இருந்து சீனிமுகம்மது கூப்பிட்டார். பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

திங்கள் காலை முதற்பாடம் உயர்தர வகுப்பு. அந்தப் பிள்ளைகளின் செயற்றிட்டங்கள், ஒரு வருஷத்து உழைப்பு, எல்லாம் ஆசிரியருடைய கணினியில் இருந்தன. புதன்கிழமை வெளியூர்ப் பரீட்சகர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். ஸஹ்றாவும் வேறு சிலரும் அறிக்கையை அச்செடுப்பதற்காகத் தங்கள் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டார்கள்.

“டீச்சர், இண்டைக்கி கொம்பியூட்டர் பறக்குது. கண்ணச் சிமிட்ட முன்னுக்கு கொப்பி முடிஞ்சிட்டு!” என்றாள் ஸஹ்றா.

“மாஷா அல்லாஹ்” என்றாள் றுஸ்னா, வரவு டாப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

மணி அடித்தது. பிள்ளைகள் படியிறங்கினார்கள். அவர்களுடைய சிரிப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தபிறகுதான் அந்தச் சொல் அவளுக்குள் திரும்பி வந்து குத்தியது. பறக்குதா? பிள்ளைகள் அதில் படமும் காணொளியும் நிரப்பி வைத்திருக்கிறார்கள். அது எப்படிப் பறக்கும்?

மூலைக்குப் போனாள். எல்லாக் கோப்புறைகளும் இருந்த இடத்தில் இருந்தன, பெயர்களும் சரி. ஆனால் ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு சின்ன அம்புக்குறி. ஒன்றைச் சுட்டி, அதன் கனத்தைப் பார்த்தாள். வெறும் கோது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்தது கோது. அதற்கடுத்ததும் கோது.

இரண்டாவது இடம்! அவள் ஓடிப் பார்த்தாள். ஓட வேண்டிய தூரமே இல்லை. எல்லாவற்றையும் வெள்ளிதோறும் கொப்பி எடுத்து வைக்கிற தனி ஹார்ட் டிஸ்க் பெட்டி, வெள்ளியன்று செருகியது செருகியபடி அதே கணினியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளும் அம்புக்குறி.

கடல் வந்த அன்று அது பெரிய சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. ஓடச் சொல்லி ஊரே கத்தியது. இது மூன்று நாளாக இந்த அறைக்குள் இருந்திருக்கிறது, ஒரு மூச்சுச் சத்தமும் இல்லாமல். காலையில் அவள் கதவைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, “வாங்க புள்ளைகள்” என்று கூப்பிட்டு உட்கார வைத்ததே அதன் மடியில்தான்.

முதலில் வயரைப் பிடுங்கினாள். ஒன்றல்ல, மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து போய் எல்லாக் கணினிகளின் தொடுப்பையும் பிடுங்கினாள். கறுப்பு அபாயாவில் புழுதி அப்பியபடி எழும்பும்போது வாசலில் கஜனி நின்றாள். பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வந்து கணிதம் படிப்பிக்கிற கஜனி டீச்சர், பக்கத்து வகுப்பு.

“என்னக்கா, சுண்ணாம்பு பூசின மாதிரி நிக்கிறீங்க?”

“கஜனி, என்ட எட்டாம் வகுப்ப ஒருக்கா பாத்துக்க. கரண்ட் பிரச்சின.”

கஜனி மேலே பார்த்தாள். “ஃபேன் சுத்துதேக்கா.”

அதற்குமேல் றுஸ்னாவால் தாங்க முடியவில்லை. சொன்னாள். மாமி, பென் டிரைவ், சுவரைப் பார்த்த கணினி, எல்லாம்.

“ஹமீட் சேரிட்டச் சொல்லுங்க. கல்விக் கந்தோரில இருந்து கொம்பியூட்டர் திருத்துற ஆளக் கூப்பிட்டு எடுப்பிப்பார்.”

“கூப்பிட்டா அந்த ஆள் அழிச்சதையும் எடுத்துத் தருவான் கஜனி! அதுதானே அவன்ட வேல. ஸப்னா தலையில துணி இல்லாம இந்தத் திரையில வந்து நிப்பா, நாலு ஆம்பிளைகளுக்கு முன்னால. அதுக்குப் பிறகு நான் மாமிட முகத்துல முழிக்கிறதா? றாஸிக்கிட்ட என்னத்தச் சொல்ற? கலியாணம் முடிஞ்சி ஒரு கிழமதான், பொண்ணு வீட்டுல இருந்து நோய் வந்த எண்டு மாப்பிள்ளை வீட்டாக்கள் கதைப்பாங்க.”

கஜனி எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனாள்.

றுஸ்னா கதவைச் சாத்தினாள். கொப்பிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டுபோய், எதற்கும் தொடுப்பில்லாத பழைய கணினியில் செருகினாள். ஸலவாத்து வாயில் ஓடிக்கொண்டிருந்தது. விரல் வேறு வேலை செய்தது. ஸ்கேன் ஊர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து, அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது. முடிந்தபோது திரை வெறுமை. ஒரு கோப்புறைகூட இல்லை. றுஸ்னா எழும்பி ஜன்னலடிக்குப் போய்க் கடற்பக்கத்துத் தென்னைகளைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். படித்தது ஒன்று மிச்சம் இருந்தது: மறைந்திருப்பவற்றைக் காட்டு என்று கணினியிடம் கேட்பது. கேட்டாள்.

வெளிறிய நிறத்தில், நோயிலிருந்து எழும்பிய பிள்ளைகளைப் போல, கோப்புறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. ஒன்றைத் திறந்தாள். ஸஹ்றாவின் செயற்றிட்டம். சந்தை வியாபாரிகளுக்காக அவள் செய்திருந்த கணக்குப் பார்க்கிற செயலி. இருந்தது. வைரஸ் அவற்றைத் தின்னவில்லை. ஒளித்து வைத்துவிட்டு அதே பெயரில் தான் உட்கார்ந்திருந்திருக்கிறது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த பயம் வந்து தோளில் கை வைத்தது.

ஸஹ்றா.

ஸஹ்றாவும் மற்றவர்களும் பையில் போட்டுக்கொண்டு போனது கோப்பு அல்ல, கோது. பள்ளி விட்டதும் அவள் நேரே கல்முனைக்குப் போவாள், ஷிப்லி காக்காவின் கடைக்கு. அவளுடைய சொந்தக் காக்கா, கூடப்பிறந்த மூத்தவன். கரையோரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப்பேர் அச்செடுப்பது அங்கேதான். அங்கே ஒருமுறை செருகினால் போதும். நாளைக்கு ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், புதன்கிழமை பார்க்க வேண்டிய எல்லாப் பிள்ளைகளின் செயற்றிட்டத்திலும்.

இந்த அறையைக் கதவைச் சாத்திக்கொண்டு துப்புரவாக்கிவிடலாம். ஒரு ஆளுக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைகளின் பைகளை எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு துப்புரவாக்குவது? சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி அதிபரின் அறையில் இருக்கிறது. அவர் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்வி: எங்கே இருந்து வந்தது டீச்சர்?

பொய்யொன்று தயாராக வந்து நின்றது. ஒரு பிள்ளை கொண்டு வந்த பென் டிரைவ் என்று சொன்னால் முடிந்தது. எந்தப் பிள்ளை என்று கேட்டால் தெரியாது என்று சொல்லலாம். படியிறங்கும்போது அந்தப் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். கீழ்ப்படியில் ஸஹ்றாவின் வகுப்பைக் கடக்க நேர்ந்தது. அந்தப் பிள்ளை உள்ளே இருந்து கையசைத்தாள். ‘பிள்ளை’ என்று சொன்னால் ஊர் முதலில் தேடப்போவது வாய் நீளமான இந்தப் பிள்ளையைத்தான் என்று றுஸ்னாவுக்குப் பளிச்சென்று விளங்கியது. பொய் கையிலிருந்து நழுவியது. பிறகு பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

துணைக்குக் கஜனியைக் கூட்டிக்கொண்டு போனாள். அதிபரின் அறைக்குள் நுழைந்து, மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

“சேர், லேபுக்குள்ள வைரஸ் வந்திட்டு. ஒரு பிள்ளையும் கொண்டு வரல்ல. நான்தான் கொண்டு வந்த. எங்கட கலியாண வீட்டுப் பென் டிரைவ், ஸ்கேன் பண்ணாம வெள்ளிக்கிழம போட்ட. பிள்ளைகள்ட வேல பத்திரமா இரிக்கி, நான் பாத்திட்டன். ஆனா சில பிள்ளைகள் பென்ல எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. பள்ளி விட முன்னுக்கு மறிக்கோணும். கந்தோர் ஆளக் கூப்பிடாதீங்க சேர். அதுக்குள்ள எங்கட வீட்டுப் பொம்பிளைகள்ட படம் இரிந்த. நானே துப்புரவாக்கித் தாறன். பிறகு என்னை என்ன செய்யிறெண்டாலும் செய்ங்க.”

ஹமீட் சேர் மறுமொழி சொல்லுமுன், றுஸ்னா தன்னுடைய வேலையை இழந்து, வீட்டை இழந்து, மாவடிப்பள்ளி வயலில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“மைக்க எடுங்க டீச்சர்” என்றார் அவர். “உங்கட வாயாலயே சொல்லுங்க. அப்பதான் பிள்ளைகள் கேக்கும்.”

பள்ளிக்கூடம் முழுக்க அவளுடைய குரல் நடுங்கிக்கொண்டு போனது. எவரும் பென் டிரைவை எங்கேயும் செருக வேண்டாம், டீச்சர் தவறு விட்டுவிட்டேன், பென் டிரைவ்களைக் கொண்டு வாருங்கள். எங்கேயோ ஒரு வகுப்பில் சிரித்தார்கள். பிறகு காலடிச் சத்தம். மாடிப்படி நிறையப் பிள்ளைகள், முன்னால் ஸஹ்றா.

“டீச்சர், ஒங்கட மாப்பிள்ளையும் புழுப்பிடிச்சவரா?”

“ஓம் புள்ள. என்டதுதான் மோசம். வை இதுக்குள்ள.”

வரிசையின் கடைசியில் ஹமீட் சேர் நின்றார், தன்னுடைய பென் டிரைவோடு. அன்று காலை அவரும் ஏதோ கொப்பி எடுத்திருந்தார், வாய் திறக்கவில்லை.

செய்தி அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. பின்னேரம் படலை பட்டென்று திறந்தது.

“என்ட புள்ளைட கலியாணத்த மைக்குல சொன்னயாமே?” மாமி வாசலிலேயே நின்று கேட்டார். றாஸிக் மெதுவாகக் கிணற்றடிக்கு ஒதுங்கிவிட்டான்.

“மைக்குல கலியாணமெண்டு சொல்லல்ல மாமி. ஸப்னாட பேரும் சொல்லல்ல. நான் தவறு விட்ட எண்டுதான் சொன்ன.” மாமிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். “சொல்லாட்டி, நாளைக்கி அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்டும் மிஞ்சியிரிக்காது. படம் ஒண்டும் வெளிய போகல்ல. நானே இருந்து அழிச்ச.”

மாமி உட்காரவில்லை. கோபம் முகத்தில் அப்படியே நின்றது. ஆனால் அதற்குள் வேறொன்று மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. அது என்னவென்று றுஸ்னாவுக்கு உடனே விளங்கியது. அதைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“அப்ப, இது போன மத்த வீடெல்லாம்?” என்றார் மாமி, குரலைத் தாழ்த்தி.

“அங்கயும் இரிக்கும் மாமி.”

“கடையில போட்டானே மூத்தாட மகன். அங்க கண்ட கண்ட ஆக்களெல்லாம் வாறவங்க. கொம்பியூட்டரத் திருத்தக் குடுத்தானெண்டா…” மாமி நெஞ்சில் கை வைத்தார். “எலா அல்லாஹ்வே! என்னகா பாத்துக்கிட்டு நிக்காய்? எடு குடைய.”

வெயில் சாயுமுன் இருவரும் வீடு வீடாகப் போனார்கள். மாமி முன்னால், றுஸ்னா பின்னால். மாப்பிள்ளை வீட்டில் மாமி என்ன சொன்னார் தெரியுமா? “எங்கட மருமகள் கொம்பியூட்டர் டீச்சர், எல்லா வீட்டுக் கொம்பியூட்டரையும் சும்மா பாத்துக் குடுக்கா, கலியாண அன்பளிப்பு” என்றார். அந்தக் கதையைக் கேட்ட றுஸ்னாவுக்கே அது உண்மைபோல இருந்தது.

புதன்கிழமை பரீட்சகர்கள் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கோப்புறையைத் திறக்கும்போது றுஸ்னா அந்தப் பிள்ளையின் கதிரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் திறந்தன. ஸஹ்றாவின் செயலி மட்டும் ஒருமுறை திணறியது. அது அவள் எழுதிய பிழை, வைரஸின் வேலை அல்ல. பயந்தவள் பயந்தவளாகவே இருந்தாள், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அதிபரின் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாளே, அதற்கு ஒரு மனம் வேண்டும்.

இதை வாசித்துக் காட்டியபோது பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கஜனி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மற்றதெல்லாம் சரி. ஆனா றுஸ்னாக்கா அறைக்குள்ள போகவே இல்ல. நான் பக்கத்திலதானே நிண்டனான். வாசல்ல நிண்டு, திரைச்சீலைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு, கண்ண இறுக்கி மூடிக்கொண்டுதான் அவ்வளவையும் சொன்னவ. அறைக்குள்ள ஒரு ஆளும் இல்ல. ஹமீட் சேர் தண்ணி குடிக்கப் போயிட்டு வந்து, எங்களுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்.”